மாதம் 600 ரூபாய்: தேதி தவறினால் கைநழுவும் உரிமை

திருநெல்வேலி டவுணில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் கடைகள் திறக்கும் முன்பே, அந்த வீதிகளைக் கூட்டிப் பெருக்கி முடித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வசிக்கும் ஒரு தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில், போன ஜூலை மாதம் நான்கு பேர் நமக்காகக் காத்திருந்தார்கள். நான்கு பேர் மடியிலும் நான்கு பிளாஸ்டிக் பைகள். பைக்குள் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எம்ப்ளாய்மெண்ட் கார்டு.

தமிழக அரசு தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், கூட வரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். போனோம். நான்கு பேருமே வேலையில்லாதவர்கள். நான்கு பேர் வீட்டிலும் வறுமை ஒன்றுதான். ஆனால் பணம் கிடைத்தது ஒருவருக்கு மட்டும். மற்ற மூவரையும் எந்த அதிகாரியும் விரட்டவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை. விதிதான் அவர்களைத் திருப்பி அனுப்பியது. அந்த விதி என்ன என்பதை நம் தெருக்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எவ்வளவு, யாருக்கு?

இந்தத் திட்டம் 2006-ல் தொடங்கப்பட்டது. படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, வேலை கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்கானது. இப்போதுள்ள தொகை மாதத்துக்கு இப்படி: பத்தாம் வகுப்பு தோல்வி என்றால் 200 ரூபாய், தேர்ச்சி என்றால் 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டப்படிப்புக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். மூன்று ஆண்டுகள் வரை வரும். பட்டதாரி ஒருவர் முழுதாகப் பெற்றால் மொத்தம் 21,600 ரூபாய். பத்தாம் வகுப்பில் தோற்றவருக்கு 7,200 ரூபாய்.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு. பதிவு செய்து ஓராண்டு முடிந்தாலே போதும். வருமான உச்சவரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டப்படிப்புக்கு 1,000 ரூபாய் என்று பத்து ஆண்டுகள் வரை பெறலாம். நம் தெருக்களில் இது தெரியாமலே வீட்டுக்குள் முடங்கியிருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்குப் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளும் பதிவு விட்டுப்போகாமல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40-க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்றால் 45 வரை. பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்நாட்டில் முடித்திருக்க வேண்டும், அல்லது 15 ஆண்டுகள் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருப்பவர் கேட்க முடியாது. அஞ்சல் வழியில் படிப்பவர் கேட்கலாம். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது.

காகிதத்தில் படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. திண்ணையில் இருந்த நால்வரின் பைகளைப் பிரித்தபோதுதான் ஒவ்வொரு விதியும் யாரைத் தடுக்கிறது என்று தெரிந்தது.

2019-ல் விட்டுப்போன ஒரு தேதி

முதல் பை, திருப்பூரிலிருந்து திரும்பி வந்திருந்த 26 வயது இளைஞருடையது. 2016-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். மதிப்பெண் பட்டியல் வாங்கியபோது பள்ளியிலேயே வேலைவாய்ப்புப் பதிவைச் செய்து கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை அவர் அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பத்திரமாக வைத்தால் போதும் என்றுதான் அந்தக் குடும்பம் நினைத்திருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அவருக்கு 2019-ல் முதல் புதுப்பித்தல். அப்போது அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். தவறவிட்டாலும் 18 மாதம் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் புதுப்பித்தால் பழைய பதிவு மூப்பு அப்படியே நிற்கும். அந்த 18 மாதம் கொரோனா காலத்தில் கரைந்துபோனது.

"எத்தன நம்பர் மாத்தியாச்சுண்ணே. பள்ளிக்கூடத்துல எந்த நம்பரக் கொடுத்தேன்னே ஞாபகம் இல்ல. கார்டு பெட்டிக்குள்ள இருக்குல்லா, அது போதும்னு நெனச்சிட்டேன்" என்றார்.

இனி அவர் புதிதாகப் பதிய வேண்டும். பதிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் மறுபடி காத்திருக்க வேண்டும். கிடைக்கும்போது அவருக்கு வயது 31 ஆகிவிடும். பதிவு மூப்பு போனது இன்னொரு இழப்பு. தவறவிட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதுண்டு. அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் உடனே போய்ப் புதுப்பிக்கும்படி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

படித்த அப்பா, அரசு வேலையில் ஒரு சித்தப்பா என்று இருக்கிற வீட்டில் இந்தத் தேதியை யாராவது ஒருவர் நினைவுபடுத்தியிருப்பார். முதல் தலைமுறையாகப் பள்ளி முடித்தவர் வீட்டில் நினைவுபடுத்த யார் இருக்கிறார்கள்? இந்த உதவித்தொகையை நம் பிள்ளைகள் இழப்பது விண்ணப்பம் கொடுக்கும் நாளில் அல்ல. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னால், யாரும் கவனிக்காத ஒரு தேதியில்.

ஒரே தெரு, இரண்டு வயது வரம்பு

இரண்டாவது பை, அந்த வீட்டுப் பெண்ணின் தாய்மாமனுடையது. வயது 41. பத்தாம் வகுப்பில் தோல்வி. பதிவை ஒருமுறைகூட விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறார். இப்படி ஓர் உதவித்தொகை இருப்பதே அவருக்கு இந்த ஆண்டுதான் தெரியும். பட்டியல் சாதியினருக்கு 45 வயது வரை என்று கேள்விப்பட்டு நம்பிக்கையோடு வந்திருந்தார்.

சாதிச் சான்றிதழைப் பிரித்துப் பார்த்தோம். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் என்று இருந்தது. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே அவருக்கு வரம்பு 40. ஓராண்டு தாண்டிவிட்டது.

"அக்கா வீடும் எங்க வீடும் ஒரே செவுருதான். டீக்கடையில எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் நடந்துச்சு. இங்க மட்டும் அவியளுக்கு நாப்பத்தஞ்சு, எனக்கு நாப்பதா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத்துக்கு மாறியவர்கள் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்கள். பாளையங்கோட்டையைச் சுற்றி இருநூறு ஆண்டுக்கு மேலாகத் திருச்சபைகள் இருக்கும் இந்த மாவட்டத்தில், அண்ணன் கோயிலுக்கும் தம்பி சர்ச்சுக்கும் போகும் குடும்பங்கள் ஏராளம். சேரி மாறவில்லை, செய்கிற வேலை மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறியிருக்கிறது.

கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. அது ஒன்றிய அரசிடம் வைத்த கோரிக்கை. ஆனால் இந்த உதவித்தொகையின் வயது வரம்பு மாநில அரசே வகுத்தது. அதை மாற்ற டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் மாநில அரசு கல்வி உதவித்தொகை தருகிறது. படிக்கும்போது ஒன்றாகப் பார்த்தவர்களை, படித்துவிட்டு வேலையின்றி நிற்கும்போது மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

72,000 ரூபாய் என்னும் கோடு

மூன்றாவது பை, பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. பி.காம். முடித்தவர். பதிவு, புதுப்பித்தல், வயது எல்லாம் சரி. அவருடைய அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அங்கேதான் கோடு குறுக்கே வந்தது.

ஆண்டுக்கு 72,000 என்றால் மாதம் 6,000 ரூபாய். ஒரு நாளைக்கு 200 ரூபாய். வீட்டில் ஒரே ஒருவர் ஒழுங்காக வேலைக்குப் போனாலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2024-25-ல் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். மாதத்தில் இருபது நாள் அந்தக் கூலிக்கு வேலை பார்ப்பவர்கூட, இந்தத் திட்டத்தின் கணக்கில் ஏழை இல்லை.

மற்ற திட்டங்களைப் பாருங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். பட்டியல் சமூக மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கும் இரண்டரை லட்சம். பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கான ஒன்றிய அரசின் 10 சதவீத இடஒதுக்கீட்டில் எட்டு லட்சம் வரை ஏழை. திருநெல்வேலித் தெருக்களைக் கூட்டுகிறவரின் மகள், குடும்ப வருமானம் 72,001 ஆனால் ஏழை இல்லை.

அதே தெருவில் பொறியியல் முடித்த ஒரு பையனும் இருக்கிறார். அவர் பையை எடுத்து வரவே இல்லை. 2012-ல் வந்த அரசாணை 92, தனியார் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சமூக மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்க வழி செய்தது. நம் சமூகத்தில் பொறியியல் பட்டதாரிகள் பெருகியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. தொழிற்படிப்பு படித்தவர் சும்மா இருக்கமாட்டார் என்பது விதியின் கணக்கு. அந்தப் பையன் பந்தல் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

பாலத்தைத் தாண்டி

நான்காவது பை மட்டும் எல்லா விதிகளையும் தாண்டியது. பி.ஏ. தமிழ் முடித்த 28 வயதுப் பெண். அப்பா இல்லை. அம்மா இரண்டு வீடுகளில் வேலை பார்த்து மாதம் 5,000 ரூபாய் கொண்டு வருகிறார். பட்டப்படிப்பை 2018-ல் பதிந்து, 2021-லும் 2024-லும் தவறாமல் புதுப்பித்திருந்தார். கல்லூரியில் ஒரு பேராசிரியை கார்டின் பின்புறம் தேதிகளை எழுதிக் கொடுத்திருந்தாராம். அவ்வளவுதான் வித்தியாசம். எழுதிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார்.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. "இத வாங்குனா எம்ப்ளாய்மெண்ட் பதிவு கேன்சல் ஆயிரும்னு சொல்லுதாவளேண்ணே, நெசமா?" என்று கேட்டார். நம் தெருக்களில் பலரும் இப்படி நம்பி ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மை அதுவல்ல. உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது. பதிவு மூப்பும் போகாது. ஆனால் உதவித்தொகை வாங்கும் காலத்திலும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் கேட்டார். தனியார் வேலையிலோ சொந்தத் தொழிலிலோ சம்பாதிக்கவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டுமே, பண்டிகை நேரத்தில் ஜவுளிக்கடையில் பத்து நாள் நின்றிருக்கிறேனே, அது பொய் ஆகிவிடாதா என்றார். நேர்மையான கேள்வி. பட்டினி கிடந்து ஐந்து ஆண்டு யாரால் காத்திருக்க முடியும்? நிரந்தரமாகச் சம்பளம் வாங்கும் வேலையில் இருந்தால் கேட்கக் கூடாது. இடையில் அப்படி ஒரு வேலை கிடைத்தாலும் தெரிவித்து நிறுத்திவிட வேண்டும். அவ்வப்போது கிடைத்த கூலியை அலுவலகத்தில் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி நடங்கள் என்றோம். அப்படியே செய்தார். விண்ணப்பத்துக்கு அது தடையாக இருக்கவில்லை.

விண்ணப்பப் படிவம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். துறையின் இணையதளத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அதில் வருமானம் குறித்த பகுதியில் விஏஓ, வருவாய் ஆய்வாளர் கையொப்பம் வேண்டும். இதற்குத்தான் நாள் பிடித்தது. ஒருநாள் ஒருவர் இல்லை, மறுநாள் மற்றவர் இல்லை. மூன்றாவது முறை போனபோது இரண்டு கையெழுத்தும் கிடைத்தன. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறது. டவுணிலிருந்து போக தாமிரபரணியைக் கடக்க வேண்டும். டவுண் பஸ்ஸில் அவருக்குக் கட்டணம் இல்லை, நமக்கு மட்டும்தான் டிக்கெட். 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் ஏறியபோது அவர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். "இங்கதான அண்ணே?" என்றார். ஆமாம் என்றோம்.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்க ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் ஆற்றில் பிணமாக மிதந்தார்கள். அவர் பிறந்து ஒன்றிரண்டு ஆண்டே ஆகியிருந்த காலம். அம்மா சொல்லித்தான் தெரியும் என்றார். 2024-ல் அந்தத் தோட்டத்தை நடத்திய நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திக்கொண்டது. தேயிலை பறித்தே ஐம்பது வயதைத் தொட்ட தொழிலாளிக்கு இந்த உதவித்தொகைத் திட்டத்தில் இடமில்லை. இது படித்துவிட்டு வேலை கிடைக்காதவருக்கு. வேலையை இழந்தவருக்கு அல்ல.

கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு அரசு அலுவலகத்துக்குப் போவது நம் சமூகத்துக்குச் சின்ன விஷயமாக என்றைக்கும் இருந்ததில்லை. அதனால்தான் 600 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பவர்களுக்கு நாம் ஒன்று சொல்கிறோம். பிச்சை என்றால் விட்டுவிடலாம். சட்டசபையில் பணம் ஒதுக்கி, விதி வகுத்து, நமக்கென்று வைத்திருப்பதை விட முடியாது.

பெருமாள்புரத்தில் ஊழியர் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தார். வங்கிப் பாஸ்புத்தகத்தில் இருந்த பெயருக்கும் மதிப்பெண் பட்டியலில் இருந்த பெயருக்கும் இனிஷியலில் ஒரு வேறுபாடு. அதைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். அதற்கு இன்னும் ஒரு பயணம். பிறகு விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

செய்ய வேண்டியது, கேட்க வேண்டியது

இதைப் படித்து முடித்ததும் வீட்டில் இருக்கும் எம்ப்ளாய்மெண்ட் கார்டை எடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தைப் பாருங்கள். காலண்டரில் எழுதுங்கள். மொபைல் எண் மாறியிருந்தால் உடனே திருத்துங்கள். பட்டம் முடித்தவர்கள் அந்தப் படிப்பையும் கூடுதலாகப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பதியாவிட்டால் பட்டப்படிப்புக்கான 600 ரூபாய் கிடைக்காது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டு தோறும் விண்ணப்பம் வாங்குகிறார்கள். ஜூலையில் கொடுப்பதென்றால் ஜூன் 30-ஆம் தேதிக்குள் ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். உதவித்தொகை வரத் தொடங்கியவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க மறந்தால் பணம் நின்றுவிடும். ஊர்ச் சங்கங்களும் படிப்பகங்களும் பலகையில் இந்தத் தேதிகளை எழுதிப் போடலாம். செலவு ஒரு சாக்பீஸ்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. வருமான வரம்பை மகளிர் உரிமைத் தொகைக்கு இருப்பதுபோல் இரண்டரை லட்சமாக்க வேண்டும். கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கும் 45 வயது வரம்பு தர வேண்டும். புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்பே குறுஞ்செய்தியும், எண் மாறியவர்களுக்குத் தபாலும் அனுப்ப வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் அரசு, அதே பெண் படித்து முடித்து ஐந்து ஆண்டு வேலையின்றிக் காத்திருந்தால் 600 ரூபாய் தருகிறது. இந்தக் கணக்கையும் சரிசெய்ய வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு முதல் காலாண்டுப் பணம் 1,800 ரூபாய் வந்துவிட்டது. போன வாரம் போனில் சொன்னார். டைப்ரைட்டிங் வகுப்பில் மூன்று மாதக் கட்டணம் பாக்கி இருந்ததால் போகாமல் நின்றிருந்தாராம். அதைக் கட்டிவிட்டார். குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு முயல்வதாகச் சொன்னார்.

"மாமாவுக்கு ஏதும் வழி இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார் கடைசியாக. கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தப் பத்தியில் கேட்பதும் அதைத்தான்.